குதிரைமலைக் கரையும் பன்னிரண்டு கூடைகளும்

ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் இயேசு அப்பம் பகிர்ந்தளித்த அற்புதத்தை நற்செய்தியாளர் நால்வருமே எழுதியுள்ளனர். உயிர்ப்புக்கு முன்னர் அவர் செய்த அற்புதங்களுள் இத்தகைய சிறப்பு இது ஒன்றுக்கே உண்டு. நம் ஆலயங்களில் பலமுறை வாசிக்கப்பட்டு, பலமுறை மறையுரையாக விரிக்கப்பட்ட பகுதி இது. ஆயினும் அது எங்கே நிகழ்ந்தது என்பதில் நாம் பெரிதும் கருத்தூன்றுவதில்லை. மாற்கு தமது ஆறாம் அதிகாரத்தில், ஒரு சில வசனங்களுக்குள்ளேயே மூன்று தடவை, அந்த இடத்தை ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றார். ஆள் நடமாட்டமற்ற தனிமையான இடம் என்பதே அச்சொல்லின் பொருள். உண்ணவும் நேரமின்றிப் பணியாற்றிக் களைத்துப்போன திருத்தூதரை, சற்றே ஓய்ந்திருக்கும்படி படகிலேற்றி அங்கே அழைத்துச் செல்கின்றார் இயேசு. மக்களோ கரைவழியே ஓடி, அவர்களுக்கு முன்பாகவே அங்கு போய்ச் சேர்ந்துவிடுகின்றனர்.

அதன்பின் நடந்ததை யாவரும் அறிவோம். அந்த நாள் எவ்வாறு முடிந்தது என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன். மக்கள் வயிறார உண்டபின், மீந்த துண்டுகள் எதுவும் வீணாகாதபடி சேர்த்தெடுக்குமாறு ஆண்டவர் பணித்தார் என யோவான் தமது ஆறாம் அதிகாரத்தில் கூறுகின்றார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. பின்னர் சீடர்களைப் படகேற்றி அனுப்பினார். கூட்டத்தையும் விடைகொடுத்து அனுப்பினார். மலைக்குச் சென்று செபித்தார். இருள் சூழ்ந்தபோது படகு நடுக்கடலில் நின்றது, அவர் மட்டும் தனியே கரையில் இருந்தார் என்று மாற்கு எழுதுகின்றார். ஐயாயிரம் ஆண்களும், மத்தேயுவின் கணக்குப்படி அவர்களுக்கு மேலாகப் பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்து உண்ட இடம், இரவு வருவதற்குள் மீண்டும் தனிமையான இடமாகிவிட்டது!

இந்த நற்செய்திப் பகுதி என் நெஞ்சில் வேறுவிதமாகப் பதிந்தது குதிரைமலைக் கரையிலேதான். நமது வாசகர்களுள் பலர் அவ்விடத்தின் பெயரை மட்டுமே கேட்டிருக்கக்கூடும். வில்பத்து தேசியப் பூங்காவின் மேற்கெல்லை கடல். 1905ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 1938ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இந்த வனம், 1,317 சதுர கிலோமீற்றர் பரப்பளவு கொண்டது. தெற்கே கலா ஓயாவும் வடக்கே மோதரகம் ஆறும் இதற்கு எல்லைகள். சிறுத்தையையும் கரடியையும் காண வருவோர் பெரும்பாலும் வில்லுகள் எனப்படும் இயற்கைக் குளங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். கடலோரம்வரை செல்பவர்கள் குறைவு. அநுராதபுரப் பக்கமாக ஹுனுவில்கம வாயிலால் விடியற்காலையில் நுழைந்தாலும், குதிரைமலை முனையை அடையும்போது நண்பகலை அண்டிவிடும்.

எங்கள் பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு ஆவணி விடுமுறையில் அங்கு சென்றிருந்தேன். வழி நெடுகிலும் ஜீப்பை விட்டு இறங்கலாகாது என்பது பூங்காவின் கண்டிப்பான விதி. இறங்கி நடக்க அனுமதியுள்ள சில இடங்களுள் குதிரைமலையும் ஒன்று. காடு திடீரென முடிகின்றது. செம்மண் மேடு செங்குத்தாகச் சரிந்து கடலில் இறங்குகின்றது. கீழே சிவந்த மணற்கரை. அப்பால் மன்னார் வளைகுடா. சோளகக் காற்று ஓயாது வீசிக்கொண்டிருந்தது. பயணமெல்லாம் ஓயாது பேசிவந்த பிள்ளைகள் அங்கே இறங்கியதும் தாமாகவே பேச்சை நிறுத்திவிட்டனர். அமைதியாயிருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆலயத்தில் எத்தனை முறை சொல்லியும் கிடைக்காத அமைதி அது என்பதையும் இங்கே கூறிவைக்கிறேன்.

இந்த முனையைக் கடந்துபோனவர்கள் எத்தனையோ பேர். உரோமைப் பேரரசன் குளோடியஸ் காலத்தில், செங்கடற் பக்கமாக வரி தண்டும் உரிமை பெற்றிருந்த அன்னியஸ் புளோக்கமஸ் என்பவனின் ஆள் ஒருவன் காற்றில் அடிபட்டு, பதினைந்தாம் நாள் இத்தீவின் ஒரு துறையை அடைந்தான் என்று பிளினி எழுதிவைத்தார். அத்துறைக்கு அவர் தரும் பெயர் கிரேக்க மொழியில் குதிரையை நினைவூட்டுவதால், அது குதிரைமலையே எனக் கருதும் அறிஞர் உளர். விஜயன் வந்திறங்கிய தம்பபண்ணி இதுவே என்போரும் உண்டு. வேறிடம் காட்டுவோரும் உண்டு. அல்லியரசாணி இங்கிருந்து ஆண்டாள் என்பது நம் மக்களின் வாய்வழிக் கதை. தெற்கே, இதே வனத்தினுள் அமைந்த பொன்பரப்பியில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மக்கள் தம் இறந்தோரைத் தாழிகளில் வைத்து அடக்கம் செய்த இடத்தை அகழ்வாராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். வந்தவர்கள் யாவரும் போய்விட்டனர். கரை இருக்கின்றது.

இதனினும் அண்மைக்கால வரலாறு ஒன்று நமக்குப் பாடமாக அமையும். குதிரைமலை தொடக்கம் அரிப்பு வரையான கடலடியில் முத்துச் சிப்பிப் பார்கள் பரந்து கிடந்தன. பழைய நாளில் ஆண்டுதோறும் குளிப்பதில்லை. பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியிருந்தால் மாத்திரமே குளிப்பு அறிவிக்கப்படும். 1891ஆம் ஆண்டுக் குளிப்பின்பின் 1903 வரை ஒன்றுமே நடைபெறவில்லை. பின்னர் 1905இல் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் ஒரே பருவத்தில் அள்ளப்பட்டன. அடுத்த ஆண்டே ஆங்கிலேய அரசு அப்பார்களை இருபது ஆண்டுகளுக்கு ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு மறிச்சுக்கட்டிக் கரையில் ஓலைக் கொட்டில்களாலான பெருநகரமொன்று சில வாரங்களுக்குள் எழுந்ததையும், பல மொழி பேசுவோர் பல்லாயிரக்கணக்கில் கூடியதையும், அங்கே இளம் அதிகாரியாகப் பணிபுரிந்த லெனாட் வூல்ஃப் பின்னாளில் எழுதினார். குத்தகைக் காலத்தில் பாதிகூட முடியுமுன் சிப்பிகள் இல்லாதொழிந்தன, கம்பனியும் மூடப்பட்டது. அளவுமீறி அள்ளியதே இதற்கு முழுக் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். சிப்பி என்பது இயல்பாகவே சில காலம் பெருகி, சில காலம் மறைவது. அவ்வாறான ஒன்றை இருபது ஆண்டுக் கணக்கில் விலைபேசலாம் என எண்ணியதே பேதைமை.

நிலத்துக்கும் ஓய்வு உண்டு என்பது நமது விவிலியத்தின் தொன்மையான படிப்பினை. ஏழாம் ஆண்டில் வயலை உழாமலும் விதையாமலும் விட்டுவிட வேண்டுமென லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் விதிக்கின்றது. இஸ்ரயேலர் அதனைப் பேணவில்லை. குறிப்பேடு இரண்டாம் நூலின் முடிவில் இதைப்பற்றி வியப்புக்குரிய ஒரு செய்தி வருகின்றது. மக்கள் பாபிலோனில் அடிமைகளாயிருந்த காலத்தில், நிலம் தனக்கு மறுக்கப்பட்டிருந்த ஓய்வை அனுபவித்ததாம்!

வடமேற்குக் கரையோர மக்களாகிய நமக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. போர் காரணமாக 1988ஆம் ஆண்டின் இறுதியில் வில்பத்து மூடப்பட்டது. 2003இல் திறக்கப்பட்டது. 2006 மே மாதம் அவ்வனத்தினுள் கண்ணிவெடியில் சிக்கி எழுவர் உயிரிழந்தனர். நாவலாசிரியர் நிஹால் டி சில்வாவும் அவர்களுள் ஒருவர். மீண்டும் மூடப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது. இந்த ஆண்டுகளில் குதிரைமலை அமைதியாகவே இருந்தது. காடு அடர்ந்தது, கரையில் மனிதச் சுவடில்லை. அதே ஆண்டுகளில் முசலிப் பகுதி மக்களும் மன்னார் மக்களும் எங்கெங்கு அலைந்தனர், எந்த முகாம்களில் எத்தனை நாள் கிடந்தனர் என்பதை இப்பத்தியின் வாசகர்கள் எனக்குச் சொல்லித் தரலாம். காட்டுக்குப் போர் நன்மை செய்தது என்று சிலர் எழுதுவதைக் காணும்போது மனம் வேதனையுறுகின்றது. மக்கள் துரத்தப்பட்டதனால் மண்ணுக்குக் கிடைத்த ஓய்வு, இறைவன் விதித்த ஓய்வு அன்று. மக்கள் தம் இல்லங்களில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டே, தம் சொந்த விருப்பத்தால் ஓரிடத்தைத் தொடாமல் விடுவதையே லேவியர் நூல் கேட்கின்றது. போர் முடிந்தபின்னரே நமக்கு அதற்கான வாய்ப்பு வந்திருக்கின்றது. நாம் அதை என்ன செய்கின்றோம்?

அன்று கரையில் நாங்கள் கண்டவற்றைக் கூறுகின்றேன். தண்ணீர்ப் போத்தல்கள், ஒற்றைச் செருப்புகள், அறுந்த நைலோன் வலைத் துண்டுகள், ரெஜிபோம் உடைசல்கள். ரெஜிபோம் உணவுப் பெட்டிகளுக்கும், சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாள்களுக்கும் 2017ஆம் ஆண்டிலேயே அரசு தடை விதித்தது. கடலுக்கு அது தெரியவில்லை போலும். சிறுமி ஒருத்தி மணலைக் கிளறி, வெண்ணிற மணிகள் சிலவற்றைப் பொறுக்கிவந்து இது முத்தா என்று கேட்டாள். முத்துக் குளித்த கரையில் அது நியாயமான கேள்விதான். அவை பிளாஸ்டிக் மணிகள். 2021இல் கொழும்புக் கடலில் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. 2025 மே மாதத்தில் கேரளக் கரைக்கப்பால் வேறொரு கப்பல் மூழ்கியபோதும் இத்தகைய மணிகள் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் வந்து ஒதுங்கின. சிறுமி பொறுக்கியது எந்தக் கப்பலினது என்று எவரால் சொல்ல முடியும்? மனிதர் கால்வைக்க அஞ்சும் அளவுக்குச் சட்டத்தால் காக்கப்படும் ஒரு கரைக்கும், எங்கோ தொலைவில் செய்த தவறு நீந்தி வந்து சேர்கின்றது.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் விபத்தின் பின்னர் நீர்கொழும்பு தொடக்கம் பல ஊர்களில் கடற்றொழில் தடைபட்டதையும், மீனை வாங்க மக்கள் அஞ்சியதையும், அக்குடும்பங்கள் பட்ட பாட்டையும் நம்மில் பலர் நேரில் கண்டோம். உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் நடுநாயகமான கருத்து இதுவே: பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் பிரித்துக் கேட்க இயலாது. இக்கருத்தை விளக்க நம் மறையாசிரியர்கள் அமேசன் காட்டுக்குப் போகத் தேவையில்லை. நம் கரையோரப் பங்குகளே போதும்.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் பேசவேண்டும். குதிரைமலைக்கு அண்மையில், பூங்காவின் எல்லைக்குள்ளேயே, பூக்குளம் என்ற மீனவக் கிராமம் இருக்கின்றது. வாடி அமைத்து, வலை இழுத்து, கருவாடு போட்டு வாழும் மக்கள். அவர்களது போக்குவரத்தும் வாழ்வும் வனத்தின் சட்டங்களுக்கு உட்பட்டவை. அரை நாள் பார்வையிட்டுத் திரும்பும் நம்மைவிடப் பன்மடங்கு கட்டுப்பாடுகளை அவர்கள் நாள்தோறும் சுமக்கின்றனர். இயற்கையைப் பாதுகாப்பது என்றால் ஏழை மீனவனை வெளியேற்றுவது எனச் சிலர் எண்ணுகின்றனர். மீனவனுக்கு உதவுவது என்றால் காட்டை வெட்டி உல்லாச விடுதி கட்டுவது என வேறு சிலர் எண்ணுகின்றனர். விடுதி கட்டிய கரைகளில் வாடிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். படகை இழுத்தேற்றிய இடத்தில் சாய்வு நாற்காலி போட்டாயிற்று. ஆகவே, என் கருத்தை ஒளிக்காமல் கூறுகின்றேன்: குதிரைமலையில் விடுதி வேண்டாம், இரவுத் தங்கலும் வெளிச்சமும் இசையும் வேண்டாம். ஆமை முட்டையிட வரும் கரைக்கு மின்விளக்கு பகை. சட்டத்தின் சுமை விருந்தினனாகிய நம்மேல் கனமாகவும், அங்கே உழைத்து உண்பவன்மேல் இலகுவாகவும் விழட்டும். எலுவன்குளத்திலிருந்து மறிச்சுக்கட்டி நோக்கி வனத்தை ஊடறுக்கும் பாதையைப் பற்றி நீதிமன்றம்வரை சென்ற வாதம் வேறு. சுற்றுவழியே போய்வரும் மன்னார் மக்களின் சிரமம் உண்மையானது, அதனை நான் இந்தப் பத்தியில் இரண்டு வரியில் தீர்த்துவிட முடியாது.

இன்னொரு வினா எழலாம். அன்பர் ஒருவர் என்னிடமே கேட்டார்: "சுவாமி, ஜீப்புக்குப் பணம் கொடுக்க வசதியுள்ளவன்தானே அந்தக் கரையைப் பார்க்கலாம்? ஏழைக்கு அது எதற்கு?" மிகச் சரியான கேள்வி. ஜீப்பை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுப்பது கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு இயலாத காரியம். ஆனால், அந்த வனத்தினுள் ஏழைகள் கூட்டமாய் நுழையும் வழியொன்று நம் கத்தோலிக்க மரபில் ஏற்கெனவே இருக்கின்றது. பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் ஆலயத் திருவிழாவே அது. வில்பத்துக் காட்டினுள் அமைந்த அந்தச் சிற்றாலயத்துக்கு மன்னார்ப் பக்கமிருந்தும் புத்தளப் பக்கமிருந்தும் தமிழரும் சிங்களவரும் வருகின்றனர். மரத்தடியில் பாய் விரித்து, கல் அடுக்கி உலை வைத்து, செபமாலை சொல்லி, திருப்பலி கண்டு திரும்புகின்றனர். தனிமையான இடத்தில் அப்பம் பகிரப்பட்ட அந்த நாளுக்கு இதைவிட நெருக்கமான காட்சியை நம் நாட்டில் நான் அறியேன். அத்திருவிழா தொடரவேண்டும். மக்கள் போவதே தவறு என்று கூறும் சுற்றாடல் ஆர்வலரோடு நான் உடன்படமாட்டேன். கூட்டத்தைக் கண்ட ஆண்டவர், என் தனிமை கெட்டுவிட்டது என்று முகம் சுளிக்கவில்லை; ஆயனில்லா ஆடுகளைப் போலிருந்த அவர்கள்மேல் பரிவு கொண்டார்.

ஆனால் அந்தப் பரிவின் முடிவில் பன்னிரண்டு கூடைகள் இருந்தன என்பதையும் மறக்கலாகாது. திருவிழா முடிந்து கடைசி பஸ் புறப்பட்டபின், மரத்தடியில் என்ன கிடக்கின்றது? உணவின் மணம் பட்ட பொலித்தீனை மானும் யானையும் தின்னுகின்றன. கோடி அற்புதரின் போதனையைக் கேட்க ரிமினி நகரில் மீன்கள் நீருக்குமேல் தலைநீட்டின என்ற மரபை நாம் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியோடு சொல்லிக்கொடுக்கின்றோம். அவருடைய விழாவுக்குப் போய்வந்த வழியில் ஒரு மான் பொலித்தீன் அடைத்துச் சாகுமானால், அந்தக் கதையை எந்த முகத்தோடு சொல்வது?

கச்சதீவுத் திருவிழாவுக்குச் செல்வோர் இதனை ஓரளவு அறிவர். குடிநீரில்லாத, குடியிருப்பில்லாத தீவு அது. உண்பதும் குடிப்பதும் கரையிலிருந்தே போகவேண்டும். இரண்டு நாளில் அந்தோனியார் கொடி இறங்கும், படகுகள் திரும்பும், தீவு மீண்டும் கடற்பறவைகளுடையதாகும். பள்ளக்கண்டலும் குதிரைமலையும் அவ்வாறே எண்ணப்படவேண்டும். கொண்டுபோனது யாவும் திரும்பி வரவேண்டும். திருவிழாக் குழுக்களில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொறுப்பாளர் உண்டு. கூடைக்குப் பொறுப்பாளர் இல்லை. பங்கு ஒன்றுக்கு இளைஞர் சிலரை இதற்கென நியமித்து, மக்கள் பஸ்கள் யாவும் சென்றபின் கழிவேற்றிய லொறியோடு அவர்கள் கடைசியாகப் புறப்படுவதை ஒரு பக்தி முயற்சியாகவே அறிவிக்கலாம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அதிகாரிகள் இதற்குத் தடைசொல்வார்கள் என நான் நினைக்கவில்லை. ஆயர் இல்லத்தின் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கவும் தேவையில்லை.

குருமடத்தில் புதிய ஏற்பாடு பயின்ற நாட்களில், அந்தப் பன்னிரண்டு கூடைகளும் பாலைநிலத்தில் எங்கிருந்து வந்தன என்று ஒரு மாணவர் கேட்க, வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. நற்செய்தியாளர் நால்வரும் அங்கே ஒரே கிரேக்கச் சொல்லையே கையாளுகின்றனர் என்றும், யூத மக்கள் பயணம் போகும்போது உணவு வைத்துக் கையோடு கொண்டுசெல்லும் பிரம்புக் கூடைக்கு அப்பெயர் வழங்கியது என்றும் அவர் விளக்கினார். அற்புதத்தால் தோன்றிய கூடைகள் அல்ல அவை. எவரெவரோ தம் வீட்டிலிருந்து தூக்கிவந்தவை. வரும்போது வெறும் பயணச் சுமையாயிருந்தது, திரும்பும்போது ஆண்டவரின் கட்டளையைச் சுமந்தது. அடுத்த திருவிழாவுக்கு நம் வீடுகளில் பாயும் பானையும் அரிசிப் பையும் கட்டி வைக்கப்படும்போது, அவற்றோடு சேர்த்து ஒரு வெறுங்கூடையையும் பஸ்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். நடத்துநர் இடமில்லை என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம்.